மஸ்கட்டுக்குப் பேச பாண்டிச்சேரி போன வெள்ளிக்கிழமை

காரைக்கால்–பாண்டிச்சேரி சாலையைப் பற்றிப் போன மாதம் எழுதியதைப் படித்துவிட்டு, இந்த வழியில் நீங்கள் முதன்முதலில் எப்போது போனீர்கள் என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். பதில் எழுத எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. 1987-ஆம் வருடம், சித்திரை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. கடற்கரையைப் பார்க்கப் போகவில்லை. மஸ்கட்டில் இருந்த ஒருவரோடு போனில் பேசுவதற்காக நானும் அப்பாவும் போக நூற்று முப்பத்தைந்து, வர நூற்று முப்பத்தைந்து கிலோமீட்டர் பஸ்ஸில் உட்கார்ந்தோம். பேசியது நாலரை நிமிடம்.

எங்கள் ஊர் விழிதியூர். அப்பாவுக்குப் பத்து மா நிலம், மூன்று ஏக்கர் சொச்சம். நான் திருநள்ளாற்றில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்தேன். எனக்கு இருபத்து மூன்று வயது. முந்தைய வருடம் வைகாசியில் எனக்கு மாப்பிள்ளை நிச்சயம் ஆகியிருந்தது. பெயர் இளங்கோவன். நெடுங்காட்டுப் பக்கத்துக் குடும்பம். அவர் மஸ்கட்டில் ஒரு கட்டட கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் என்று சொன்னார்கள். ஆள் ஊரில் இல்லாமலே, போட்டோவை வைத்து, அவருடைய அம்மாவும் தாய்மாமனும் வந்து வெற்றிலைப் பாக்கு மாற்றிக்கொண்டு போனார்கள். அந்தக் காலத்தில் வெளிநாட்டு மாப்பிள்ளை என்றால் அப்படித்தான் நடக்கும். யாரும் அதை விசித்திரமாக நினைக்கவில்லை, நானும்கூட.

ஆவணியில் கல்யாணம் என்றார்கள். பிறகு லீவு கிடைக்கவில்லை, தை மாதம் என்றார்கள். தையும் போயிற்று, வைகாசி என்றார்கள். ஒவ்வொரு முறையும் அவருடைய அம்மா வந்து கண் கலங்க அதையே சொல்லிவிட்டுப் போவார். அலுவலகத்தில், என்ன வசந்தா, தேதி வெச்சாச்சா என்று கேட்காதவர் யாரும் இல்லை. எனக்குக் கோபம் வரவில்லை. களைத்துப்போய்விட்டேன், அவ்வளவுதான். அவர் என் அப்பாவுக்கு எழுதியிருந்த ஒரு கடிதத்தின் உறையில் முகவரியைப் பார்த்து, வீட்டுக்குத் தெரியாமல் நானே ஒரு கடிதம் எழுதினேன். உங்களோடு ஒருமுறை நேரில் பேசுவது போலப் பேச வேண்டும், போன் நம்பர் இருந்தால் எழுதுங்கள் என்று.

ஐந்து வாரம் கழித்து அலுவலக முகவரிக்குப் பதில் வந்தது. கேம்ப்பில் போன் கிடையாது. பக்கத்தில் ஒரு மலையாளியின் மளிகைக் கடையில் இருக்கிறது. சித்திரையில் வரும் முதல் வெள்ளிக்கிழமை அங்கே பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை போன் பக்கத்திலேயே இருப்பேன். பன்னிரண்டுக்கு ஜும்மா தொழுகைக்காகக் கடையைச் சாத்திவிடுவார்கள். அன்றைக்குக் கிடைக்கவில்லை என்றால் அடுத்த வெள்ளியும் இருப்பேன். கடிதம் அவ்வளவுதான். மஸ்கட் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். ஆக, நமக்குப் பதினொன்றரையிலிருந்து ஒன்றரை வரை.

அதற்குப் பிறகுதான் அப்பாவிடம் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வயலிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டே, எந்த வெள்ளிக்கிழமை என்று மட்டும் கேட்டார். தேதி தள்ளிப் போனதில் என்னைவிட அவர்தான் அதிகம் சோர்ந்துபோயிருந்தார் என்று அப்போதுதான் தெரிந்தது.

முதல் வெள்ளிக்கிழமை காரைக்காலிலேயே முயன்று பார்த்தோம். விழிதியூரிலிருந்து எட்டு கிலோமீட்டர், டவுன் பஸ்ஸில் ஒரு ரூபாய்க்குள். எட்டரை மணிக்கே தொலைபேசி நிலையத்து வாசலில் நின்றோம். வெளிநாட்டு டிரங்க் கால் போடுவது எப்படி என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். படிவத்தில் நாடு, ஊர், நம்பர் எழுத வேண்டும். நம்பருக்கு மட்டும் போட்டால் ஒரு கட்டணம். இன்ன ஆள் வந்தால்தான் பேசுவேன் என்று பி.பி. கால் போட்டால் கொஞ்சம் கூடுதல். வெறும் நம்பருக்குப் போட்டால் அந்தப் பக்கம் யார் எடுத்தாலும் எடுத்த நொடியிலிருந்து மூன்று நிமிடக் காசு போய்விடும் என்பதால், ஆளைத் தேடி அழைத்து வர வேண்டிய இடத்துக்கு பி.பி. போடுவதுதான் லாபம். முன்பணம் கட்டிவிட்டு பெஞ்சில் உட்கார வேண்டும். காரைக்காலிலிருந்து மெட்ராஸ், அங்கிருந்து வெளிநாட்டு எக்ஸ்சேஞ்ச், அங்கே நம் முறை வர வேண்டும். எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அவர்கள் மேல் குற்றமில்லை. இருந்தது அத்தனை லைன்தான்.

பெஞ்சில் எங்களோடு சிங்கப்பூருக்குப் போட்டவர்கள், பிரான்சில் இருக்கும் மகனோடு பென்ஷன் விஷயமாகப் பேச வந்த ஒரு பெரியவர், இன்னும் நாலைந்து பேர். அந்தப் பெரியவரின் பெயரைக் கூப்பிட்டபோது அவர் தூங்கிப் போயிருந்தார். அப்பா தட்டி எழுப்பினார். எங்கள் பெயரை ஒன்று நாற்பதுக்குக் கூப்பிட்டார்கள். மஸ்கட்டில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. கடையைச் சாத்திப் பத்து நிமிடம் ஆகியிருந்தது.

முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்த ஆபரேட்டர் அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "அடுத்த வாரம் இங்க உக்காராதீங்க. பாண்டிச்சேரிக்குப் போயிடுங்க. அங்க தந்தி ஆபீஸ்ல ஐ.எஸ்.டி. இருக்கு, நேரா சுத்துனா விழுந்துடும். பேசுன நேரத்துக்குத்தான் காசு."

பஸ் செலவையும் சேர்த்தால் எது மலிவு என்று அப்பா வீடு வரும்வரை கணக்குப் பார்த்தார். டிரங்க் காலில் மூன்று நிமிடத்துக்கு நூற்றைம்பது ரூபாய் கிட்டத்தட்ட ஆகும், கிடைத்தால். ஐ.எஸ்.டி.யில் நிமிடத்துக்கு நாற்பதுக்குக் கொஞ்சம் மேல், உடனே கிடைக்கும். பஸ்ஸுக்கு ஆளுக்குப் போகப் பதிமூன்று, வரப் பதிமூன்று. என் மாதச் சம்பளம் அப்போது அறுநூறு.

அடுத்த வெள்ளிக்கிழமை விடிகாலை ஐந்து மணி டவுன் பஸ்ஸில் கிளம்பி, காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் ஐந்து நாற்பது பாண்டிச்சேரி வண்டியைப் பிடித்தோம். அம்மா இட்லியும் மிளகாய்ப்பொடியும் வாழையிலையில் கட்டிக் கொடுத்திருந்தார். நண்டலாற்றுச் சோதனைச் சாவடியில் போலீஸ்காரர் ஏறிப் பை பையாகத் தடவிப் பார்த்தார், யாராவது மது பாட்டில் கடத்துகிறார்களா என்று. எங்கள் பொட்டலத்தைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு வைத்தார். தரங்கம்பாடி தாண்டும்போது வெயில் ஏறிவிட்டது. சீர்காழியில் பத்து நிமிடம் நிறுத்தினார்கள், டீ குடித்தோம். கொள்ளிடம் பாலத்தில் ஒரு லாரி நின்றுபோய் முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். அப்பா ஏழெட்டு முறை மணி கேட்டார். என் கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்து நான் பதில் சொல்வேன். அவர் தலையை ஆட்டுவார், மறுபடி கேட்பார். சிதம்பரம், கடலூர், அப்புறம் முள்ளோடை. பாண்டிச்சேரியில் இறங்கும்போது பத்து ஐம்பது. ரிக்‌ஷாக்காரர் மூன்று ரூபாய் கேட்டார். வேண்டாம், கிட்டத்தில்தான் இருக்கும் என்று அப்பா நடந்தார். கிட்டத்தில் இல்லை. இருபத்தைந்து நிமிட நடை, அதுவும் சித்திரை வெயிலில்.

தந்தி அலுவலகத்தில் கண்ணாடி போட்ட ஒரு கூண்டு. வெளியே மேசையில் குமாஸ்தா. அவருக்கு முன்னால் மீட்டர் பெட்டி, அதில் சிவப்பு எண்கள். எங்களுக்கு முன்னால் ஆறு பேர். எல்லோரும் பாரிசுக்கு.  பன்னிரண்டு ஐந்துக்கு எங்கள் முறை வந்தது. குமாஸ்தா நம்பரைச் சுழற்றி, மூன்றாவது முறையில் மணி அடித்ததும் கூண்டுக்குள் போகச் சொன்னார்.

கேள்விகளைத் தாளில் எழுதி வைத்திருந்தேன். தட்டச்சே செய்திருந்தேன் என்றால் சிரிப்பீர்கள். நாலு கேள்வி. ஒன்றுக்கு அரை நிமிடம் என்றால் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடலாம் என்பது என் கணக்கு. ஹலோ என்றதும் என் குரலே எனக்குத் திரும்பிக் கேட்டது. அதற்குப் பின்னால் அவர் குரல், வசந்தாங்களா, நான்தாங்க இளங்கோவன் என்று. அதுவரை போட்டோவாக மட்டும் இருந்தவர். குரல் நான் நினைத்ததைவிட மெல்லிசாக இருந்தது.

நல்லா இருக்கீங்களா என்று கேட்டேன். நல்லா இருக்கேன் என்றார். லீவு கிடைத்ததா என்று கேட்டேன். சொல்லியிருக்கேன், குடுத்துடுவாங்க என்றார். வைகாசிக்குள் வந்துவிடுவீர்களா என்றதற்கு, வந்துடுவேங்க என்றார். உங்களுக்கு மனசாரச் சம்மதம்தானா என்று கேட்டேன். சம்மதந்தாங்க என்றார். அவருடைய அம்மா வந்து சொன்ன அதே வார்த்தைகள். தாளில் இருந்த நாலும் தீர்ந்துவிட்டன. கண்ணாடிக்கு வெளியே சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று இருந்தது. வைப்பதற்கு முன் ஏதாவது பேச வேண்டுமே என்று, வீட்டுக்கு வருகிறவர்களைக் கேட்பதுபோலக் கேட்டேன்.

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

பதில் இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்துக் குமாஸ்தாவைப் பார்த்தேன். லைன் இருக்கிறது என்று கையைக் காட்டினார்.  பேசாமல் நின்றேன். எவ்வளவு நேரமென்று தெரியாது, பத்துப் பதினைந்து வினாடி இருக்கும்.

"இன்னும் சாப்பிடலைங்க," என்றார். "இப்ப மெஸ் கிடையாது. கம்பெனிய மூடி எட்டு மாசம் ஆவுது."

அதற்கப்புறம் அவர் நிறுத்தவில்லை. முதலாளி எங்கே போனார் என்று தெரியவில்லை. பாஸ்போர்ட் அவரிடம் மாட்டிக்கொண்டிருக்கிறது. பதினோரு பேர் கேம்ப்பிலேயே கிடக்கிறார்கள், கரண்ட்டைப் பிடுங்கிவிட்டார்கள். வழக்குப் போட்டிருக்கிறார்கள், வாரா வாரம் போய் நிற்கிறார்கள். மளிகைக் கடையில் மூட்டை இறக்கிக் கொடுத்தால் மத்தியானம் ஒரு வேளை சோறு போடுகிறார் அந்த மலையாளி. இதையெல்லாம் அவர் அழாமல் சொன்னார், பஸ் நேரம் சொல்வதுபோல. ஊருக்கு எழுதவில்லையா என்று கேட்டேன். தங்கச்சிக்கு இப்பதான் நிச்சயம் ஆகியிருக்கு, எழுதினால் அது நின்றுபோகும், அம்மா தாங்க மாட்டார் என்றார்.

"தேதியத் தள்ளித் தள்ளிப் போட்டது நான்தாங்க. எங்க அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது, அவங்கள தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க வேற எடம் பாருங்க. காரணத்த மட்டும் வெளிய சொல்ல வேணாம்."

அப்பாவிடம் இருந்தது இருநூறு ரூபாய். மீட்டரைப் பார்த்தேன், நூற்றெழுபதைத் தாண்டியிருந்தது. அப்பாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். வேட்டி மடிப்பிலிருந்து, பஸ்ஸுக்கு வைத்திருந்த நோட்டையும் எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, பேசு என்று கையை அசைத்தார். ஆனால் என்னால் அதற்கு மேல் பேச முடியவில்லை. உடம்பைப் பார்த்துக்குங்க என்றேன். அப்பாகிட்ட மன்னிச்சுக்கச் சொல்லுங்க என்றார் அவர். சரி என்றேன். வைத்துவிட்டேன். நூற்று எண்பத்தொன்பது ரூபாய்.

திரும்பும் வண்டி இரண்டு மணிக்கு. வெயிலுக்கு எதிர்ப்பக்கம் உட்காரத் தெரியவில்லை. ஜன்னல் கம்பி கையைச் சுட்டது. கடலூர் தாண்டியதும் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு வார்த்தையும் விடவில்லை.  அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார், மறுபடி தோளில் போட்டார். சிதம்பரத்தில் வண்டி நின்றபோது இறங்கிப் போய் எனக்கு ஒரு கோலி சோடா வாங்கி வந்து கொடுத்தார். தனக்கு வாங்கிக்கொள்ளவில்லை. வண்டி கொள்ளிடம் பாலத்தில் ஏறியபோது சொன்னார்.

"பெத்த தாய்கிட்ட சொல்லாதத அந்தப் புள்ள உன்கிட்ட சொல்லியிருக்கு. அது நம்ம வாயால வெளிய போவக்கூடாது."

அப்படியானால் கல்யாணத்தை என்ன சொல்லி நிறுத்துவது என்று கேட்டேன். அதை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ யாரிடமும் பேச்சு வைத்துக்கொள்ளாதே என்றார். வீடு வந்து சேரும்போது மணி ஆறரை. அம்மாவிடம், பேசியாயிற்று, தோதுப்படாது என்று மட்டும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் தனியாக நெடுங்காட்டுப் பக்கம் போய்விட்டு வந்தார். என்ன சொன்னார் என்று கேட்டதற்கு, சொல்லிட்டேன் என்றார். எனக்கு அது தெரிந்தது இரண்டு வாரம் கழித்து, அலுவலகத்தில், அந்த ஊரிலிருந்து வரும் ஒரு அம்மாவின் வாயால். விழிதியூர்க்காரர் பேசின பத்துப் பவுனைப் போட வக்கில்லாமல் சம்பந்தத்தை முறித்துக்கொண்டாராம். வாசலில் நிற்க வைத்தே மாப்பிள்ளையின் அம்மா கேட்ட கேள்விக்கெல்லாம், வெள்ளாமை சரியில்லம்மா, என்னால முடியல என்று தலைகுனிந்து நின்றாராம். விழிதியூர்க்காரரின் மகளிடம்தான் சொல்கிறோம் என்று தெரியாமலா அந்த அம்மா சொன்னார்? தெரிந்துதான் சொன்னார். நான் டைப் அடித்துக்கொண்டே இருந்தேன்.

அந்தப் பத்துப் பவுன் முந்தைய வருடமே செய்து எங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்தது.

அன்று மாலை அப்பாவிடம் ஏன் இப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். பெண்ணுக்குப் பிடிக்கவில்லை என்றால் உன் பெயர் கெடும், அவன்மேல் குறை சொன்னால் அவன் தங்கச்சிக்குக் கெடும், மிச்சம் நான்தானே என்றார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டே சொன்னார். எனக்கு அடுத்த சம்பந்தம் அமைவதற்கு இரண்டு வருடம் பிடித்தது. வந்தவர்களெல்லாம் முதலில் நகையைப் பற்றித்தான் கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் அப்பா பெட்டியைத் திறந்து காட்ட வேண்டியிருந்தது. அவர் அதற்காக ஒரு நாளும் என்மேல் எரிந்து விழுந்ததில்லை.

இளங்கோவன் அடுத்த பொங்கலுக்குப் பிறகு ஊர் வந்து சேர்ந்தார். பாஸ்போர்ட் கிடைத்து, டிக்கெட்டுக்கு அந்தக் கடைக்காரரே ஏற்பாடு செய்தாராம். தங்கையின் கல்யாணம் நல்லபடியாக முடிந்திருந்தது. ஒருநாள் நான் வேலைக்குப் போயிருந்தபோது விழிதியூருக்கு வந்து அப்பாவைப் பார்த்திருக்கிறார். நடந்ததை எல்லாரிடமும் சொல்லிவிடுகிறேன் என்றிருக்கிறார். அதெல்லாம் ஆறிப்போச்சு, கிளற வேணாம் தம்பி என்று அப்பா சோறு போட்டு அனுப்பியிருக்கிறார். அவரையே கல்யாணம் செய்துகொண்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அவரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அதன் பிறகு எனக்கு மன்னார்குடியில் முடிந்தது. அவரை நான் இன்றுவரை நேரில் பார்த்ததில்லை.

அவருடைய அம்மாவிடம் அப்போதே சொல்லியிருக்க வேண்டுமோ என்று எனக்கு இன்னமும் சந்தேகம் உண்டு. வீட்டில் யாருக்காவது தெரிந்திருந்தால், டிக்கெட் காசையாவது அனுப்பி அவரைச் சீக்கிரம் வரவழைத்திருக்கலாம். இன்னொருவர் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினோம், அதனால் அவர் மேற்கொண்டு பல மாதம் மூட்டை தூக்கினார். இரண்டும் உண்மை. எதை வைத்துக்கொள்வது என்று இத்தனை வருடத்தில் எனக்குத் தெரியவில்லை.

பயணக் குறிப்பு கேட்பவர்களுக்கு: காரைக்காலிலிருந்து பாண்டிச்சேரிக்கு இப்போதும் நாலு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், வழியில் எது வேண்டுமானாலும் நிற்கும். காலையில் வடக்கே போகும்போது இடப்பக்கமும், மாலையில் திரும்பும்போது அதே இடப்பக்கமும் உட்கார்ந்தால் வெயில் படாது. பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்காதீர்கள். போன் பேச யாரும் இப்போது இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, காசும் ஆகாது. ஆனால் தூரத்தில் இருப்பவரிடம் பேசும்போது ஒன்று செய்யுங்கள். நல்லா இருக்கியா என்று கேட்காதீர்கள், எல்லோரும் நல்லா இருக்கேன் என்றுதான் சொல்வார்கள். என்ன சாப்பிட்டாய் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் இருங்கள்.